பார்த்தேன் என்று சொன்ன படங்கள்

கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் கப்பல் துருவைச் சுரண்டிப் பிழைக்க வந்த தமிழர்கள் எத்தனையோ பேர். அவர்களில் சொந்தமாக மாடி வீடு கட்டி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் நாலு பக்கமும் தன் பெயரை எழுதி வைத்தவர் இராஜமாணிக்கம் ஒருவர்தான். ஆற்றில் போகிற படகுக்காரனும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். அவ்வளவு பெரிய எழுத்து. பெயிண்ட் அவருடையது, ஆள் அவருடைய ஆள். பிறகு என்ன கஞ்சத்தனம்?

நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு. மீசை முளைக்கிற வயதில் ஹௌராவில் வந்து இறங்கியவரை, கையில் ஒரு சுத்தியலைக் கொடுத்து, கப்பலின் வயிற்றோரம் கயிற்றில் தொங்கும் பலகையில் உட்கார வைத்தார்கள். தட்டு, துரு உதிரும். தேய், இரும்பு தெரியும். அதன்மேல் சிவப்பு அடி. இவ்வளவுதான் வேலை. பலகையில் தொங்கியவர் பலகைகளைத் தொங்கவிடும் மேஸ்திரியானார், மேஸ்திரி ஒப்பந்தக்காரரானார். வங்காளிகள் அவரை மாணிக் பாபு என்று கூப்பிட்டார்கள். "நான் கை வச்ச கப்பல்கிட்ட துரு வருமான்னு சமுத்திரத்தையே கேளு" என்பார். சமுத்திரத்தைக் கேட்க யார் போகப் போகிறார்கள்?

அப்படிப்பட்டவர் இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால் ஒரு போன் வாங்கினார். பொத்தானே இல்லாத கண்ணாடி போன். விரலால் தடவினால் படம் நகரும், இரண்டு விரலால் விரித்தால் படம் விரியும். அப்போது அந்தப் பேட்டையில் யாரிடமும் அது இல்லை. டீக்கடையில் எல்லார் கையிலும் ஒரு சுற்றுக் கொடுத்துத் திரும்ப வாங்கினார். அவருடைய மேஸ்திரி பன்னீர்செல்வம் வைத்திருந்தது சீனாக்காரன் போன். பாட்டு வைத்தால் தெருக்கோடி வரை கேட்கும்.

"அந்த டப்பாவை ஆத்துல எறிடா. மீனாவது பாட்டு கேக்கட்டும்" என்றார் இராஜமாணிக்கம்.

"இருக்கட்டும் மொதலாளி. கீழ விழுந்தாலும் ஒடையாது" என்றான் பன்னீர்.

போன் வந்த சில நாளில் நெய்வேலியிலிருந்து தங்கை மகேஸ்வரி கூப்பிட்டாள். கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். சுரங்க வேலைக்காரனுக்கு அவளைக் கட்டிக் கொடுத்தவர் இவர்தான், அந்தக் கல்யாணத்தைப் பற்றி இன்றைக்கும் பேசுவார். மாப்பிள்ளை காலமான பிறகு அவள் மகன் கிரிதரோடு நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் இருந்தாள்.

"அண்ணே, வாசலுக்குப் புது கேட்டு போட்டிருக்கோம். கிரி படம் அனுப்பியிருக்கான். பாரு."

பார்த்தார். படம் இல்லை. இங்கிலீஷில் நாலு வரி வந்திருந்தது. தடவினார், விரித்தார். நாலு வரியும் பெரிதாகத் தெரிந்ததே ஒழிய கேட்டு வரவில்லை.

மறுநாளே கல்கத்தா சாந்தினி சௌக்கில் போன் கடைக்குப் போய்விட்டார். கடைப் பையன் வாங்கிப் பார்த்துச் சிரித்தான். பேச்சு வங்காளத்தில்தான், காக்கு என்றால் சித்தப்பா.

"காக்கு, இந்த போன்ல படச் செய்தி வராது."

"ஏன் வராது?"

"அந்த வசதி இல்லை."

"இல்லைன்னா போட்டுக் கொடு. காசு வாங்கிக்கோ."

"காசுக்கு வராது காக்கு. செஞ்சவனே வைக்கலை."

"என் மேஸ்திரி கையில இருக்குற தகர டப்பாவுல வருதுடா!"

"அதுல வரும்" என்றான் பையன், சாதாரணமாக. "இதுல வராது."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இராஜமாணிக்கம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வேறு ஏதோ வாங்க வந்தவர் மாதிரி பக்கத்துக் கடையில் டார்ச் லைட் விலை கேட்டுவிட்டு வந்தார்.

மகள் ஜெயப்ரியா கல்யாணமாகிக் கல்கத்தாவிலேயே லேக் கார்டன்ஸில் இருந்தாள். அவள் அந்த நாலு வரியைப் படித்துச் சொன்னாள். ஓர் இணைய முகவரி, ஒரு ரகசிய எண். இரண்டையும் கம்ப்யூட்டரில் போட்டால் படம் தெரியுமாம். போட்டாள். கெடு முடிந்துவிட்டது என்று வந்தது.

"அப்பா, பேசாம அத்தைகிட்ட உங்க போன்ல படம் வராதுன்னு சொல்லிடுங்க. கிரி அத்தானை எனக்கு மெயில் பண்ணச் சொல்லுங்க."

"என் போன்ல வராதுன்னு என் வாயால சொல்லணுமா?"

"வராதுதானேப்பா?"

"வராது. அத ஏன் சொல்லணும்?"

அன்று சாயங்காலமே மகேஸ்வரி கூப்பிட்டுக் கேட்டாள். "பாத்தியாண்ணே?"

"வந்துச்சு, பாத்தேன். கேட்டு பிரமாதம். கலர்தான் கொஞ்சம் அடிக்குது."

"அய்யோ, நானும் அதத்தாண்ணே சொன்னேன்! இவன் கேட்டாத்தானே."

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. அதன்பிறகு அது ஒரு பழக்கமாகவே ஆனது. கொலு, மாடு போட்ட கன்று, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று மகேஸ்வரி ஒவ்வொன்றாக அனுப்பினாள். இவருக்கு வந்தது இங்கிலீஷ் நாலு வரிதான். "ரெண்டு மூணு வந்திருக்கே, எதச் சொல்றே?" என்று தூண்டிலைப் போடுவார். அவளே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். அதற்குத் தக்கபடி ஒரு குறையோ ஒரு புகழ்ச்சியோ சொல்லி முடிப்பார்.

மனைவி தமயந்திக்கு இது பிடிக்கவில்லை. "கூடப் பொறந்தவகிட்ட எதுக்குங்க இந்த ஜம்பம்? ஒரு நாளைக்கு வசமா மாட்டிக்கப் போறீங்க."

"மாட்டுனா நான் பேசிக்கிறேன். நீ கொழம்பப் பாரு."

பொங்கல் கழிந்து ஒரு முறை பேசும்போது மகேஸ்வரி, வயிற்றில் ஒரு கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள் என்றாள். காய்கறி வாங்கி வந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். "கல்கத்தாவுக்கு வந்துடு. எனக்குத் தெரியாத டாக்டரா?" என்றார் இவர். "ஆமா, உனக்குத் தெரியாத ஆளு யாரு" என்று சிரித்தாள். தமயந்தியும் பேசினாள். அவளிடமும் அதே சிரிப்பு. அந்த நோயின் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்வதில்லை. மாமியாருக்கு வந்தபோதும் சொல்லவில்லை, மாமாவுக்கு வந்தபோதும் சொல்லவில்லை. சொன்னால் அது வீட்டோடு தங்கிவிடும் என்று ஒரு நினைப்பு. மகேஸ்வரி மகனையும் அப்படித்தான் கட்டிப்போட்டிருந்தாள். வாயைத் திறக்காதே, படத்தை மட்டும் அனுப்பு, அண்ணன் பார்த்துப் புரிந்துகொள்ளும் என்று.

மாசி மாதத்து வெயிலில், தண்ணீரை இறைத்துவிட்டுக் கப்பலைப் பழுது பார்க்கும் டிரை டாக்கில் ஒரு பழைய சரக்குக் கப்பலின் வயிற்றில் முப்பது நாற்பது சுத்தியல்கள் ஒரே நேரத்தில் விழுந்துகொண்டிருந்தன. காதுக்குள் தகரத்தைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம். கிரிதர் கூப்பிட்டான்.

"மாமா, அம்மா படம் ஒண்ணு அனுப்பியிருக்கேன். பாத்துட்டீங்களா?"

வந்திருந்தது, நாலு வரி. சுற்றிலும் ஆட்கள், கப்பல்காரன் வேறு பக்கத்தில் நிற்கிறான். தூண்டில் போட நேரமில்லை. அதற்குள் மகேஸ்வரியே போனை வாங்கிவிட்டாள்.

"பாத்தியாண்ணே?"

"பாத்தேன், பாத்தேன்!" சத்தத்துக்கு மேல் கத்தினார். "ஒனக்கென்னடி, இன்னும் கல்யாணப் பொண்ணு மாதிரியில்ல இருக்கே!"

அந்தப் பக்கம் பேச்சில்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்து "அலோ, அலோ" என்றார். பிறகு சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"அப்படியாண்ணே தெரியுது?"

"பின்ன? என் தங்கச்சிடி நீ."

"சரிண்ணே. வேலையப் பாரு."

அதற்குப் பிறகு அவளிடமிருந்து போன் வருவது குறைந்தது. இவர் கூப்பிட்டால் கிரிதர் எடுப்பான். "தூங்குதுங்க", "மருந்து சாப்பிட்டிருக்கு" என்று வெட்டி வெட்டிப் பேசினான். வயசுப் பையன், வேலையில் ஏதோ தொந்தரவு என்று இவர் விட்டுவிட்டார்.

சித்திரையில் பன்னீர்செல்வம் ஊர்த் திருவிழாவுக்குப் போனான். அவன் ஊர் வடலூர்ப் பக்கம், நெய்வேலிக்குக் கிட்ட. தங்கைக்கு என்று ஒரு தாமிர நிறப் பட்டுப் புடவையை அவனிடம் கொடுத்தனுப்பினார். திரும்பி வந்த பன்னீர், வழக்கமாகச் செருப்பை உதறிவிட்டு உள்ளே வருகிறவன், அன்றைக்கு வாசற்படியிலேயே நின்றான்.

"என்னடா, புது மாப்பிள்ளையா? உள்ள வா. தங்கச்சி பொடவையப் பாத்து என்ன சொன்னா?"

"கட்டிக்கிட்டாங்க மொதலாளி." கொஞ்சம் நிறுத்தினான். "கட்டிவிட்டாங்க."

"கட்டிவிட்டாங்களா? சின்னப் புள்ளையா அவ?"

பன்னீர் தமயந்தியைப் பார்த்தான். "நீங்கதான் படத்துல ஏற்கெனவே பாத்திருப்பீங்களே மொதலாளி" என்றபடி தன் டப்பா போனை எடுத்து, பொத்தானை அமுக்கி அமுக்கி, ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டினான். "புடவையோட எடுத்துக் காட்டச் சொன்னாங்க."

தீப்பெட்டி அகலத் திரை. அதில் இரும்பு நாற்காலியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி இல்லை, துண்டு சுற்றியிருந்தது. தாமிரப் புடவை அவள்மேல் கொடியில் காயப்போட்டது போலக் கிடந்தது. தோளெலும்பு இரண்டும் புடவையைக் கிழித்துக்கொண்டு வருவது போல இருந்தன.

"யாருடா இது?" என்றார் இராஜமாணிக்கம். "அவ மாமியார் செத்து எத்தனையோ வருஷமாச்சே."

தமயந்தி எட்டி வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்போதுதான் அது யாரென்று அவருக்குத் தெரிந்தது.

பன்னீர் எப்போது போனான் என்பதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கேன்னு சொன்னேன் தமயந்தி" என்றார் கடைசியில். "இத அனுப்பிட்டு, பாத்தியாண்ணேன்னு கேட்டா. நான் அப்படிச் சொன்னேன்."

"இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுங்க. பாக்கலைன்னு சொல்லுங்க."

"போன்ல வேணாம். நேர்ல போய் அவ கையப் புடிச்சுச் சொல்றேன். கால்ல விழணும்னாலும் விழறேன்."

மறுநாள் விமானத்தில் இருவரும் கிளம்பினார்கள். சென்னையிலிருந்து வாடகைக் கார். வழியெல்லாம் அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மகேசு, நான் ஒரு படத்தையும் பாக்கலடி. என் போன்ல வராது. ஜம்பத்துக்குச் சொன்னேன். மன்னிச்சிரு. இந்த நாலு வாக்கியத்தை மதுராந்தகத்திலிருந்து பண்ருட்டி வரை புரட்டிப் புரட்டிச் சொல்லிப் பார்த்தார். எந்த அதிகாரி முன்னாலும் திக்காத நாக்கு இதற்குத் திக்கியது.

கதவைத் திறந்த கிரிதர் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "இப்பத்தான் நேரம் கெடச்சுதா மாமா?" என்றுவிட்டு உள்ளே போனான்.

மகேஸ்வரி கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். படத்தில் பார்த்ததைவிடவும் சிறுத்திருந்தாள். கண்கள் மட்டும் அவளுடைய பழைய கண்கள். கிரிதர் கால்மாட்டில் நின்றான். அண்ணனைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். தமயந்தி ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள்.

"வந்துட்டியாண்ணே."

அவர் கட்டிலோரம் உட்கார்ந்து அவள் கையை எடுத்துக்கொண்டார். "மகேசு, ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் படம்..."

"அதத்தாண்ணே நானும் சொல்லணும்னு கெடந்தேன்." அவளுக்கு மூச்சு வாங்கியது. விட்டு விட்டுப் பேசினாள். "இந்த வீட்டுல கண்ணாடியெல்லாம் இவன் எடுத்து ஒளிச்சு வச்சுட்டான். பாக்க வர்றவங்க வாசல்லயே அழுது முடிச்சுட்டுத்தான் உள்ள வர்றாங்க. என்னைப் பாக்க மாட்டாங்க, சுவத்தப் பாத்துப் பேசுவாங்க. அதான் ஒனக்குப் படம் அனுப்பச் சொன்னேன். நீயும் அழுவுறியான்னு பாப்போம்னு. நீ என்னடான்னா, கல்யாணப் பொண்ணுன்னே."

சிரித்தாள். பல் மட்டும் தெரிந்தது.

"எம் மூஞ்சியப் பாத்துப் பயப்படாத ஒரே ஆளு நீதாண்ணே. அன்னைக்கு ரெண்டு வாய் சோறு எறங்குச்சு எனக்கு. இவன்கூடக் கேட்டான், மாமா கிண்டல் பண்றாராம்மான்னு. போடா, எங்கண்ணன் கண்ணுக்கு நான் அப்படித்தான் தெரிவேன்னேன்."

தமயந்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ என்னமோ சொல்ல வந்தியே?"

கல்கத்தாவிலிருந்து சுமந்து வந்த நாலு வாக்கியமும் நாக்கு நுனியில் இருந்தன. சொன்னால் இவர் பாரம் இறங்கிவிடும். அவளுக்கு மிச்சம் என்ன இருக்கும்?

"ஒண்ணுமில்லடி" என்றார். "அந்தப் படம் என் போன்ல பெருசா, தெளிவா இருந்துச்சு. ரெண்டு விரலால விரிச்சு விரிச்சுப் பாத்தேன். அதான் சொல்ல வந்தேன்."

"வெல கூடுன போனாச்சே" என்றாள் மகேஸ்வரி, அண்ணனுடைய பெருமையைத் தானும் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறவள் போல. "சும்மாவா?"

அவர்கள் அங்கேயே தங்கிவிட்டார்கள். கல்கத்தாவில் வேலை கிடந்தது கிடக்கட்டும் என்று விட்டார். மகேஸ்வரிக்கு விழிப்பு இருக்கும் நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கப்பல் கதைகளை அளந்தார். பாதி பொய். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு நாள் தண்ணீர் பிடிக்கப் போனபோது கொல்லைப்புறத்தில் கிரிதர் மறித்தான்.

"ஒரே ஒரு கேள்வி மாமா. அந்தப் படத்தப் பாத்துட்டும் எப்படி அங்கேயே இருந்தீங்க? நான் வாயால சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்துச்சு. படத்தப் பாத்தா ஓடி வருவீங்கன்னு நெனச்சேன். நாயா இருந்தாக்கூட வந்திருக்கும்."

தொட்டியில் தண்ணீர் வழிந்தது. அவர் குழாயை மூடினார். இவனிடம் மட்டும் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லலாம். ஆனால் கோபக்காரப் பிள்ளை, தாயிடம் எதையும் மறைக்கத் தெரியாதவன். ஒரு சத்தியத்தையே பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றியிருக்கிறான்.

"வேலை இருந்துச்சுப்பா" என்றார்.

"வேலை" என்றான் கிரிதர். காறித் துப்பாத குறை.

வைகாசியில் மகேஸ்வரி போய்விட்டாள். பிறந்த வீட்டுக் கோடியாக அந்தத் தாமிரப் புடவையைப் போர்த்தலாமே என்று யாரோ சொன்னார்கள். கட்டின புடவையைப் போர்த்தக் கூடாது, புதிதுதான் போட வேண்டும் என்று இராஜமாணிக்கம் வெயிலில் தானே கடைக்குப் போய் வாங்கி வந்து போர்த்தினார். பந்தலில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களுக்குள் பேச்சு ஓடிக்கொண்டுதான் இருந்தது. "கல்கத்தாவுல பெரிய கை. தங்கச்சி உருகுறத போன்ல பாத்துக்கிட்டே இருந்தாராம்" என்றார் ஒருவர், இவர் காதில் விழும்படியாக. வேறொரு சமயமாக இருந்தால் அந்த ஆளின் மூன்று தலைமுறையையும் இழுத்திருப்பார்.

காரியம் முடிந்த அன்று தமயந்தி தனியாகக் கூப்பிட்டாள். "இப்பவாவது சொல்லிடுங்களேன். அவதான் போயிட்டாளே. இவங்க பேசறத என்னால கேக்க முடியல."

"கடைசியா அவ எங்கிட்ட வாங்கிட்டுப் போனது அந்த ஒரு வார்த்தைதான்" என்றார். "அவ அந்தப் பக்கம் போனதும் அதப் பொய்யின்னு ஆக்கச் சொல்றியா?"

கிரிதர் அவர்களை வழியனுப்ப வரவில்லை.

கார்டன் ரீச்சுக்குத் திரும்பிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. மழை பிடித்துவிட்டது, டாக்கில் வேலை மந்தம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெயப்ரியா வந்தாள். அப்பா இப்படி வாயடைத்து உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தாங்கவில்லை. ஏதாவது நல்ல செய்தி சொல்லலாம் என்று, போனைக் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரில் கம்பியைச் சொருகி என்னவோ செய்தாள்.

"அப்பா, இந்த போனுக்குப் புதுசா சாப்ட்வேர் விட்டிருக்காங்க. இனிமே படம் வரும்."

தன் போனில் தமயந்தியைப் படம் பிடித்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவர் கையில் இருந்த கண்ணாடியில், அடுப்படி வாசலில் ஈரக் கையோடு நிற்கும் தமயந்தி வந்து நின்றாள்.

"பாருங்க, வந்துடுச்சு!"

"பழசெல்லாம் வருமா?" என்றார் இராஜமாணிக்கம்.

ஜெயப்ரியாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதெல்லாம் அப்பவே அழிஞ்சிருக்கும்ப்பா. கிரி அத்தான்கிட்ட கேளுங்களேன். அவர் போன்ல அத்தை படம் எல்லாமே இருக்கும். திரும்ப அனுப்பச் சொன்னா ஒரு நிமிஷம்."

"எப்படிக் கேக்கறது?"

"என்னப்பா, நேராத்தான். படம் வேணும்னு."

"எங்கிட்ட இருக்கு, விரிச்சு விரிச்சுப் பாத்தேன்னு இல்ல அவகிட்ட சொல்லியிருக்கேன். அவனும் பக்கத்துலதான் நின்னான்." அவர் போனை மகளிடமே நீட்டினார். "இல்லைன்னு இப்ப எப்படிக் கேப்பேன்?"

ஜெயப்ரியா போனை வாங்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். தமயந்தி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அடுப்படிக்குள் போய்விட்டாள். இராஜமாணிக்கம் குடையை எடுத்துக்கொண்டு, மழை விடுவதற்குக் காத்திராமல், ஆற்றுப் பக்கமாக நடந்தார்.